கம்பளிக்கு மேலே படுத்தவர்

சங்கராபுரம், வடபொன்பரப்பி, மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம், வெள்ளிமலை என்று இந்த வட்டாரத்து ஊர்களிலிருந்து போய், முனிச்சிலோ டொராண்டோவிலோ டல்லாஸிலோ மெல்போர்னிலோ படித்துக்கொண்டிருக்கும், அல்லது படித்து முடித்து வேலையில் அமர்ந்துவிட்ட அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும்,

இந்த மடல் உங்களுக்குத்தான். ஆனால் உறையை ஒட்டாமல் அனுப்பியிருக்கிறோம். இந்த வருஷம் புறப்படப் போகும் தம்பி தங்கைகளும், பாஸ்புக்கும் நகைச் சீட்டுமாக வங்கிக்கு அலையும் அப்பா அம்மாக்களும் எட்டிப் படிக்கட்டும் என்பதற்காக. உங்களுக்குப் பழகிப்போன பல சங்கதிகள் அவர்கள் காதுக்கு இன்னும் வரவில்லை.

பக்கத்து ஊர்க் கதை ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1910-ல் கும்பகோணத்து இளைஞர் ஒருவர் வேலை தேடித் திருக்கோவிலூருக்கு வந்தார். அன்றைக்குத் தென்னார்க்காடு ஜில்லா, இன்றைக்கு நம் கள்ளக்குறிச்சி மாவட்டம். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி அய்யர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். வந்தவர் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. அவர் நீட்டிய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த அய்யர், இப்படிப்பட்ட ஆளைக் கச்சேரியில் உட்கார வைத்து வீணாக்க மனமில்லாமல், சென்னையில் உள்ள கணிதக்காரர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வந்தவர் ராமானுஜன். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு அதே குமாஸ்தா வேலையில் சேர்ந்தார். 1914 மார்ச் 17-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

அவருடைய கணிதத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அவருடைய வரவுசெலவைத்தான் யாரும் அதிகம் பார்ப்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை வருஷத்துக்கு 250 பவுண்டு. டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. 250-ல் 50 பவுண்டு ஊரில் இருந்த குடும்பத்துக்கு என்று ஏற்பாடு. அன்று ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். அப்படியானால் வீட்டுக்குப் போனது மாதம் 60 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, அவருடைய துறைமுகச் சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு. ஆக, கையில் பணம் இருந்தது. போய்ச் சேர்ந்த வருஷத்துக் குளிரில் மகலனோபிஸ் அவர் அறைக்குப் போனார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய அதே மகலனோபிஸ்தான், அப்போது அங்கே மாணவர். ராத்திரியில் குளிர் தாங்க முடியவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். மகலனோபிஸ் கட்டிலைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் அடுக்கடுக்காக இருந்தன. மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்பும் போட்டிருந்தது. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அத்தனை நாளும் மனிதர் கம்பளிக்கு மேலே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார்.

சங்கராபுரத்துப் பிள்ளைகளின் பண விவகாரம் இன்றைக்கு அந்தக் கட்டில் மாதிரியே இருக்கிறது. பணத்தைத் திரட்டும் வழி ஊருக்குத் தெரிந்துவிட்டது. கல்விக்கடன், மனை, நகை, மாமா கைமாற்று எல்லாம் சேர்ந்து ஒரு தொகை விமானம் ஏறிவிடுகிறது. இறங்கிய இடத்தில் அந்தப் பணத்துக்குள் எப்படிப் புகுவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. வங்கி சொல்லாது, ஏஜென்ட் சொல்ல மாட்டார். பல்கலைக்கழகம் முதல் வாரக் கூட்டத்தில் இருபது நிமிஷம் ஆங்கிலத்தில் சொல்லும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதில் பாதி கேட்காது. மீதி இருப்பது நீங்கள்தான்.

ஊரில் பணம் எப்படி நடமாடுகிறது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடைவீதியில் அது முகம் பார்த்து நடக்கும். உரக்கடைக்காரர் அறுவடை வரை பொறுப்பார், ஏனென்றால் அப்பாவைத் தெரியும். சீட்டுப் பிடிப்பவரின் வீட்டு வாசல் நமக்குத் தெரியும், நம் வாசல் அவருக்குத் தெரியும். மொய் நோட்டில் எழுதிய 500 ரூபாய் பத்து வருஷம் கழித்து 1,000 ஆகத் திரும்பி வரும், எந்தப் பத்திரமும் கிடையாது. அவசரம் என்றால் நகை. காலையில் வளையலை வைத்தால் மத்தியானம் பணம். இப்போது மூன்றாவதாக போன் வந்துவிட்டது. 2016-ல் வந்த யுபிஐ, டீக்கடைக் கல்லாவையே ஓர் அட்டைப் படமாக்கிவிட்டது. முகம், நகை, போன் என்ற இந்த மூன்றையும் நம்பி வளர்ந்த பிள்ளை பிராங்பர்ட்டில் இறங்குகிறது. முகம் யாருக்கும் தெரியாது. நகையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. போனுக்கு ஓடிபி வரவில்லை.

கடனில் இருந்தே பார்ப்போம், ஏனென்றால் குழப்பம் புறப்படுவதற்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. அதற்கு மேல் கேட்பார்கள். இங்கேதான் கரும்புக்காரர் வீட்டுக்கு முதல் அதிர்ச்சி. ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, கிணறு இருக்கிறது. வங்கி வேண்டாம் என்கிறது. பல வங்கிகள் கல்விக்கடனுக்கு விவசாய நிலத்தை ஈடாக எடுப்பதில்லை. 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டத்தின் கீழ், கடன் நின்றுபோனால் வங்கி நேராகச் சொத்தைக் கைப்பற்றி விற்கலாம். விவசாய நிலம் மட்டும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. விவசாயியைக் காக்க வைத்த வேலி, அவர் மகளின் கடனுக்குக் குறுக்கே நிற்கிறது. டவுனில் ஒன்றரை சென்ட் மனை வைத்திருப்பவர் அந்த வாசலில் சுலபமாக நுழைந்துவிடுகிறார். இது தெரியாமல் கடைசி மாதத்தில் அலைந்து, ஈடு கேட்காத நிறுவனத்தில் கூடுதல் வட்டிக்கு மாட்டிக்கொள்வதும், ரெண்டு ரூபா வட்டிக்கு வெளியில் வாங்குவதும் நடக்கிறது. ரெண்டு ரூபா என்றால் காதுக்குச் சின்னதாக இருக்கும். வருஷத்துக்கு 24 சதவீதம்.

‘படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் ஒண்ணும் கட்ட வேண்டாம்’ என்ற வாக்கியத்தையும் சரியாக மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தவணை கட்ட வேண்டாம் என்றுதான் அதற்கு அர்த்தம். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 20 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 2 லட்சம். இரண்டு வருஷப் படிப்பும் ஒரு வருஷ அவகாசமும் முடியும்போது 6 லட்சம் வரை ஏறியிருக்கலாம். கட்டணத்தை வங்கி தவணை தவணையாகக் கொடுத்தால் கொஞ்சம் குறையும். முடிந்த மாதத்தில் வட்டியையாவது கட்டி வரும் வீடு பின்னால் மூச்சுவிடும்.

அடுத்தது, பெரும்பாலான வீடுகளில் யாருமே கேள்விப்படாத டிசிஎஸ். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி 2004 பிப்ரவரியில் ஒரு தாராளத் திட்டம் கொண்டுவந்தது. அன்று தலைக்கு 25,000 டாலர், இன்று நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். 2020 அக்டோபரிலிருந்து அப்படி அனுப்பும் பணத்தின்மேல் வங்கியே ஒரு வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுகிறது. 2025-26 நிதியாண்டின் விதிப்படி, படிப்புக்காக அனுப்பும் சொந்தப் பணம் 10 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 5 சதவீதம் பிடித்தார்கள். முறையான நிறுவனத்தில் வாங்கிய கல்விக்கடனிலிருந்து போனால் ஒன்றும் இல்லை. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் எண் இது, அனுப்பும் நாளில் கேட்டுக்கொள்ள வேண்டும். நகைக்கடன் வாங்கி அனுப்பினால் அது கல்விக்கடன் கணக்கில் சேராது. அந்த 5 சதவீதக் கணக்கில், 15 லட்சம் அனுப்பிய அப்பாவிடம் 25,000 ரூபாய் பிடித்திருப்பார்கள். அது போன பணமல்ல, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும். ஆனால் நம் ஊர் விவசாயி எப்போது கணக்குத் தாக்கல் செய்தார்? விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அதனால் அந்தப் பக்கமே போனதில்லை. பான் கார்டு வங்கிக்குக் காட்ட மட்டும். தாக்கல் செய்யாமல் விட்டால் பிடித்த பணம் டெல்லியிலேயே தங்கிவிடும். ஊர் வந்தால் பத்து நிமிஷம் எடுத்து இதை ஒரு பெரியவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி ஜெர்மனி. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை என்ற சொல் சின்னசேலம் வரை பரவியிருக்கிறது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017-லிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள் என்ற வால் அந்தச் செய்தியோடு சேர்ந்து வருவதில்லை. கட்டணம் இல்லாவிட்டாலும் விசாவுக்கு முன்னால் ஒரு முடக்கப்பட்ட கணக்கில் பணம் போட்டுக் காட்ட வேண்டும்: 2024 செப்டம்பர் 1 முதல் வருஷத்துக்கு 11,904 யூரோ. யூரோ 100 ரூபாயை ஒட்டி இருந்தால் 12 லட்சம். அது உங்கள் பணம்தான், ஆனால் மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். ஆழ்கிணறு நம்முடையது, மோட்டாருக்கு மின்சாரம் முறை வைத்து வருகிற மாதிரி.

அந்தச் சொட்டும் இறங்கிய அன்றே விழாது. முதலில் தங்க வீடு வேண்டும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும்; அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். பிறகு ஒரு நடப்புக் கணக்கு. அந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்த பிறகுதான் முடக்கிய பணம் மாதாமாதம் இறங்கத் தொடங்கும். வீட்டுக்காரரோ முதலிலேயே முன்பணம் கேட்பார். பணம் வர வீடு வேண்டும், வீடு கிடைக்கப் பணம் வேண்டும். இந்தச் செக்கில் சுற்றும் நாட்களுக்குத்தான் தனியாக ஒரு தொகை கையில் இருக்க வேண்டும். இரண்டு மாதச் செலவையாவது முடக்கிய கணக்குக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘பன்னிரண்டு லட்சம் கட்டியாச்சே, இன்னும் என்ன’ என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கத்தான் செய்வார்கள். நீங்கள் போன் பண்ணிச் சொன்னால் நம்புவார்கள்.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மன் சட்டப்படி அது மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட வாடகைக்கு வருபவருக்கு உரிமை உண்டு. அந்த மூன்று மாதக் கணக்கும் ‘குளிர்ந்த வாடகை’யை வைத்துத்தான். அவர்கள் மொழியில் வெறும் இடத்துக்கான வாடகை குளிர்ந்தது. சூடேற்றும் செலவும் தண்ணீர்ச் செலவும் சேர்ந்தால் அது ‘சூடான வாடகை’. விளம்பரத்தில் குளிர்ந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, கையெழுத்துப் போடும்போது சூடு தெரிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வீட்டைப் பார்க்காமலே முன்பணத்தை அனுப்பு, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவர் வீட்டுக்காரரே அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த மோசடியில் இந்தியாவில் இருந்துகொண்டே பணத்தை இழப்பவர்கள் உண்டு.

அப்புறம் தபால் பெட்டி. சங்கராபுரத்தில் வீட்டுக்குத் தபால் வந்தால் வங்கி நோட்டீஸ் அல்லது பத்திரிகை. அங்கே பணத்தின் வாயே தபால்தான். கார்டு ஓர் உறையில் வரும், ரகசிய எண் வேறோர் உறையில் வரும், 11 இலக்க வரி எண் இன்னோர் உறையில் வரும். பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் எதுவும் வராது. தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி ஒட்டாததால் கணக்குத் திறக்க ஒரு மாதம் தாமதமாகும். வந்த உறையைப் பிரிக்காமல் போட்டு வைப்பது இன்னும் ஆபத்து. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். எங்களிடம் டிவியே இல்லையே என்று தூக்கிப் போடுவார்கள். டிவி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அது வீட்டுக்கு ஒரு கட்டணம். நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். கட்டாமல் விட்டால் நினைவூட்டல், அபராதம், வசூல் என்று ஏறும்.

தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இப்படித்தான். மருத்துவக் காப்பீடு மாதம் சுமார் 140 யூரோ, போன், ஜிம் எல்லாம் தேதிக்குத் தேதி கணக்கிலிருந்து தானே போகும். அன்றைக்குக் கணக்கில் பணம் இல்லையென்றால் ‘நாளைக்குத் தர்றேன்’ என்று சொல்ல எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பிய கட்டணம் ஒன்று, அதற்கு அபராதம் ஒன்று. அது முற்றினால் ஷூஃபாவில் பதிவாகும்.

ஷூஃபா 1927-லிருந்து இருக்கும் நிறுவனம். ஒருவர் பாக்கியைக் கட்டுபவரா இல்லையா என்று மதிப்பெண் போடுவது அதன் வேலை. அமெரிக்காவில் அதே வேலையைச் செய்யும் ஃபைகோ மதிப்பெண் 1989-ல் வந்தது, 300-லிருந்து 850 வரை. இந்தியாவிலும் சிபில் இருக்கிறது, ஆனால் டிராக்டர் கடனுக்குப் போகும்வரை அதன் பெயர் நம் காதில் விழாது. இங்கே ஊர்ப் பழக்கமும் அந்த ஊர்ப் பழக்கமும் நேருக்கு நேர் முட்டுகின்றன. கடன் வாங்காத குடும்பம் என்றால் நம் ஊரில் பெருமை, பெண் கொடுப்பார்கள். டல்லாஸில் கடனே வாங்காதவர் ஒரு வெற்றுத் தாள். வீட்டு வாடகைக்குப் போனால் பதிவு எங்கே என்பார்கள். போன் இணைப்புக்குக்கூட முன்பணம் கேட்பார்கள். சங்கராபுரத்து வங்கியில் அப்பா முப்பது வருஷம் ஒழுங்காகக் கட்டிய பயிர்க்கடன் அங்கே ஒரு புள்ளிகூடப் பெறாது.

தப்பிக்கும் வழி எளிது, கேட்க விசித்திரம். வங்கியில் 200, 300 டாலரை முன்பணமாகப் போட்டு அதே அளவுக்கு ஒரு கிரெடிட் கார்டு வாங்க வேண்டும். அதில் மளிகைச் சாமானை வாங்கி, மாதா மாதம் தேதி தவறாமல் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். நம் பணத்தையே அடகு வைத்து நமக்கே கடன் கொடுத்துக்கொள்ளும் வேலை. அம்மாவுக்கு இதை விளக்க முயன்ற பிள்ளைகள் பாவம். ஆனால் சில மாதங்களில் வெற்றுத் தாளில் எழுத்து விழ ஆரம்பிக்கும். இதிலுள்ள ஒரே கண்ணி, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று அச்சடித்திருக்கும் எண். அதை மட்டும் கட்டினால் மீதிக்கு ஓடும் வட்டி நம் ஊர் ரெண்டு ரூபா வட்டிக்காரருக்குச் சளைத்ததல்ல.

அமெரிக்க வரியில் இந்தியப் பிள்ளைகளுக்கு என்றே ஒரு சலுகை உண்டு, தெரியாமல் விடுபவர்கள் நிறைய. வேற்று நாட்டவருக்கு வழக்கமாகக் கிடைக்காத நிலையான கழிவு, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால் இந்திய மாணவர்களுக்குக் கிடைக்கிறது. எஃப்-1 விசாவில் இருப்பவர் முதல் ஐந்து காலண்டர் வருஷங்களுக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி கட்ட வேண்டாம். முதலாளி தவறிப் பிடித்திருந்தால் திரும்பக் கேட்கலாம். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும் 8843 என்ற படிவத்தை அனுப்பியாக வேண்டும்.

கனடாவில் முடக்கி வைக்கும் தொகை 2023 வரை 10,000 டாலர். 2024 ஜனவரியில் 20,635, 2025 செப்டம்பரில் 22,895. முந்தின வருஷம் போன அண்ணன் சொன்ன தொகையை நம்பி நகையை எண்ணி வைத்த வீடுகள் திணறிப்போயின. ஆஸ்திரேலியாவில் வரிக்கோப்பு எண் இல்லாமல் வேலைக்குப் போனால் மிக உயர்ந்த விகிதத்தில் வரியைப் பிடிப்பார்கள். நாட்டை விட்டு வரும்போது முதலாளி கட்டிய ஓய்வூதியத் தொகையைக் கேட்டு வாங்கலாம், கேட்டால்தான் வரும். பிரிட்டனில் விசாவோடு சேர்த்து மருத்துவச் சேவைக் கட்டணம் வருஷத்துக்கு 776 பவுண்டு முன்கூட்டியே போய்விடும். எந்த நாடானாலும் கடை மெஷின் ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, இந்த ஊர் நாணயத்திலா’ என்று கேட்டால் ஊர் நாணயம் என்றே அழுத்தச் சொல்லுங்கள். ரூபாய் என்று அன்பாகக் கேட்பது மாற்று விகிதத்தில் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளத்தான்.

கொஞ்சம் தர்மசங்கடமான விஷயத்துக்கு வருவோம். உங்களில் சிலரும் இதைச் செய்திருக்கலாம். ‘ஊரில் எங்கப்பாகிட்ட ரூபாயைக் கொடுத்துடு, நான் இங்க உனக்கு யூரோ தர்றேன்.’ இரண்டு பேருக்கும் வங்கிக் கமிஷன் மிச்சம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் உண்டியல் சீட்டால் கடல் கடந்து பணம் நடத்திய மரபுதானே என்று தோன்றும். அவர்கள் காலத்தில் அது முறையான வணிகம். இன்றைக்கு 1999-ஆம் வருஷத்து அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இந்தக் கைமாற்றுக்கு இடம் இல்லை. அந்த ரூபாய் யாருடைய ரூபாய் என்று தெரியாத நாளில் அப்பாவின் கணக்குதான் முடங்கும்.

அதைவிட மோசமானது கணக்கை இரவல் கொடுப்பது. உரமானியம் வர, கடன் வர என்று தம்பி கணக்கில் பணத்தை வாங்கிக்கொள்வது நம் ஊரில் சகஜம், உதவி. வெளிநாட்டில், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு பகுதி நேர வேலை அதே உதவியைத்தான் கேட்கும்: உன் கணக்குக்குப் பணம் வரும், பத்து சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பு. அது யாரிடமோ திருடிய பணம். பிடிபடுவது அனுப்பியவர் அல்ல, கணக்குக்குச் சொந்தக்காரர். கணக்கு மூடப்படும், வேறு வங்கியும் திறக்காது, விசாவுக்கும் வம்பு. புதிதாக வந்து கையில் காசில்லாமல் இருக்கும் பிள்ளையைத்தான் இந்தக் கும்பல் தேடிப் பிடிக்கிறது. வரித்துறையிலிருந்து பேசுகிறேன், இப்போதே பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல், இல்லையென்றால் நாடு கடத்துவோம் என்று மிரட்டும் குரலும் அதே பிள்ளையைத்தான் கூப்பிடும். எந்த நாட்டு வரித்துறையும் பரிசு அட்டையில் வரி வாங்குவதில்லை.

ஊரில் விட்டு வந்த கணக்கு என்ன ஆகிறது? படிக்கப் போன மாணவரை ரிசர்வ் வங்கி 2003-லிருந்து வெளிநாடு வாழ் இந்தியராகவே கருதுகிறது. அதனால் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். கிளைக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போடும் வேலை, புறப்படும் முன்பே விசாரித்து வைத்தால் அரை நாளில் முடியும். அங்கே போய் நினைவு வந்தால் மாதக்கணக்கு. சிம் கார்டை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். 90 நாள் தொடாமல் கிடந்தால் எண் போய்விடக்கூடும், எண் போனால் ஓடிபி போச்சு. 2023 ஜனவரியில் வெளிநாட்டு எண்ணிலும் யுபிஐ பயன்படுத்த வழி செய்தார்கள். முதலில் அறிவித்த 10 நாடுகளில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் இருந்தன, ஜெர்மனி இல்லை.

இந்தக் கஷ்டம் ஒருவழிப் பாதையும் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வந்து சேரும் மாணவர்கள் இதே இருட்டில்தான் தடவுகிறார்கள். பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம் காட்டி அவர்கள் என்ஆர்ஓ கணக்குத் திறக்கலாம். 30 நாளுக்குள் உள்ளூர் முகவரியைக் கொடுக்க வேண்டும். அது சரிபார்க்கப்படும் வரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரக் கூடாது, கணக்குக்கு மொத்தம் 50,000 ரூபாய் உச்சவரம்பு. டீக்கடையில் சில்லறை இல்லை, ஜிபே பண்ணு என்று நாம் சொல்லும்போது அந்தப் பையன் முகத்தில் தெரிவது, ஜெர்மனியின் மாக்டபுர்க்கில் தபால் பெட்டி முன்னால் நின்ற உங்கள் முகம்தான்.

வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுற்று அதிகம். 1970-களின் நடுப்பகுதி வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. மலையாளிப் பழங்குடி வீடுகளில் பல தலைமுறைக்குப் பணம் என்றால் மரவள்ளி வியாபாரி கொடுத்த முன்பணம்தான். அங்கிருந்து ஒரு பெண் முதுகலைக்கு வெளிநாடு போக நினைத்தால், மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. நாடு முழுவதற்கும் வருஷத்துக்கு 20 இடம். விண்ணப்பத்தில் கேட்கும் சான்றிதழ்களுக்கே மலையிலிருந்து எத்தனை முறை பஸ் பிடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். உதவித்தொகை கிடைத்தாலும் முதல் மாதப் பணம் வந்து சேரும்வரை கைச்செலவுக்கு வீட்டில் கேட்க முடியாத பிள்ளை அது. அப்படி ஒருவர் உங்கள் ஊருக்கு வருகிறார் என்று தெரிந்தால் விமான நிலையத்துக்கே போய்விடுங்கள்.

மற்றவர்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஜூலை கடைசியில் ஒரு ஞாயிறு போதும். ஆடியில் நல்ல காரியம் பேசக் கூடாது என்று வீட்டில் தயங்குவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஆடி பார்ப்பதில்லை, ஆகஸ்டில் திறந்துவிடும். விடுமுறைக்கு ஊர் வந்திருப்பவர் ஒருவர், சங்கராபுரத்தில் ஒரு பள்ளி வகுப்பறையைக் கேட்டு வாங்கி, புறப்படுபவர்களையும் பெற்றோரையும் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் தமிழில் பேசுங்கள். வர முடியாதவர்கள் உங்கள் நகரத்துக்கு என்று ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: முதல் 30 நாளில் எந்த அலுவலகம், எந்தத் தாள், எந்த வரிசையில், கையில் எவ்வளவு. நீங்கள் இழந்த பணத்தையும் வெட்கப்படாமல் அதில் எழுதுங்கள், மற்ற எதையும்விட அதுதான் உதவும். வருஷா வருஷம் எண்கள் மாறுவதால் பக்கத்தின் மேலே தேதி போடுங்கள்.

ராமானுஜனுக்கு 1918 டிசம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் மறுபடியும் வருஷத்துக்கு 250 பவுண்டு ஒதுக்கியது. 1919 ஜனவரியில் அவர் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். உடம்பு சரியில்லாத நேரம். இது தன் தேவைக்கு அதிகம், பெற்றோருக்கு 50 பவுண்டு போகட்டும், அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் படிப்புக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதில் இருந்த வேண்டுகோள். உங்களிடம் இந்த ஊர் பவுண்டு கேட்கவில்லை. செப்டம்பரில் இறங்கப்போகும் தம்பியின் எண்ணை அவன் அம்மாவிடம் வாங்கி, இந்த வாரமே ஒரு தடவை கூப்பிட்டு, முன்பணத்துக்குத் தனியாக எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
சங்கராபுரத்திலிருந்து உங்கள் ஊர்க்காரர்கள்